பாலிசி என்றொரு சொல்: ஒரு பத்திரத்தின் வழியே நம் கழகத்தின் கதை

கிளை அலுவலகக் கவுண்டர் அருகே ஒரு காலைப்பொழுது நின்று பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. "எங்க வீட்டுக்காரர் பேர்ல ஒரு எல்.ஐ.சி. இருக்குதுங்க" என்பார் ஓர் அம்மா. "பாண்டு கொண்டாந்திருக்கீங்களாம்மா?" என்பார் கவுண்டருக்கு உள்ளே இருப்பவர். மஞ்சள் பையிலிருந்து, மடிப்பு நைந்து போன காகிதம் ஒன்று வெளியே வரும். அச்சிட்ட எழுத்தில் அதற்குப் பெயர் பாலிசி. வாங்கியவருக்கு எல்.ஐ.சி., அலுவலகத்துக்குப் பாண்டு, சட்டத்துக்குப் பாலிசி. ஒரு காகிதத்துக்கு மூன்று பெயர்.

காப்பீட்டு வார விழா மலருக்காக நம் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் வரலாற்றை எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டார்கள். தலைவர்களின் பெயர்ப் பட்டியலும் வணிகப் புள்ளிவிவரமும் ஆண்டறிக்கைகளில் ஒழுங்காகவே இருக்கின்றன. ஆகவே அந்த அம்மாவின் கையிலிருக்கும் காகிதத்தையே பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்து பார்க்கலாம் என்று தோன்றியது. அந்தக் காகிதம் மிகப் பழையது. அதில் எழுதிய வாக்கை இருபது, முப்பது ஆண்டுகள் கழித்தும் காப்பாற்றுகிற ஏற்பாடு மட்டும் நம் நாட்டில் மெல்ல மெல்லத்தான் உருவாயிற்று. நம் கழகத்தின் வரலாறு என்பது அந்த ஏற்பாட்டின் வரலாறுதான்.

சொல் வந்த வழி

ஆங்கிலத்தில் 'பாலிசி' என்று ஒலிக்கும் சொற்கள் இரண்டு. அரசின் கொள்கையைக் குறிக்கும் பாலிசி, நகரத்தையும் நகர ஆட்சியையும் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து கிளைத்தது. காப்பீட்டுப் பாலிசியின் வேர் வேறு. 'சான்று', 'மெய்ப்பிப்பு' என்ற பொருளில் கிரேக்கத்தில் வழங்கிய ஒரு சொல், இடைக்கால லத்தீனுக்குள் போய், இத்தாலிய வணிகர்களிடம் 'பொலிட்சா' ஆகி, கப்பல் சரக்குக்குக் காப்பு எழுதியவர்களோடு ஐரோப்பாவெங்கும் பரவியது. காலப்போக்கில் இரண்டு சொற்களும் ஒரே ஒலியில் வந்து சேர்ந்துவிட்டன.

அந்தக் குழப்பம் நம் பேச்சுக்கும் வந்திருக்கிறது. "கடன் வாங்கறதில்லைங்கிறது என் பாலிசி" என்று சொல்பவரும், "என் பாலிசி போன மாசம் மெச்சூர் ஆயிடுச்சு" என்று சொல்பவரும் ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்கள். அகராதியில் பாலிசிக்குக் 'கொள்கை' என்ற பொருளை மட்டும் பார்த்துவிட்டுப் பாலிசிதாரரைக் 'கொள்கைதாரர்' என்று எழுதிவிடும் மொழிபெயர்ப்புகளை இன்றும் காண்கிறோம். படிக்கிறவர் கட்சிக்காரரையல்லவா நினைப்பார்! இலங்கைத் தமிழர்கள் இன்ஷூரன்ஸைக் 'காப்புறுதி' என்பார்கள். 'உறுதி' என்ற சொல் உள்ளே இருப்பதால் அதில் வாக்கின் சாயல் இருக்கிறது. தமிழ்நாட்டில் 'காப்பீடு' நிலைத்தது. ஆனால் பத்திரத்துக்கு மட்டும் எந்தத் தமிழ்ச் சொல்லும் மக்கள் வாயில் ஏறவில்லை. பாலிசி பாலிசியாகவே நின்றுவிட்டது.

சான்று என்ற அந்த மூலப்பொருளை மறக்கக் கூடாது. பாலிசி என்பது காப்பீடு அல்ல. காப்பீட்டு ஒப்பந்தம் நடந்தது என்பதற்கும், என்ன பேசி நடந்தது என்பதற்குமான சான்று. ஒருவர் புரபோசல் எழுதித் தருகிறார். நிறுவனம் அதை ஏற்று, முதல் பிரீமியத்துக்கு ரசீது தருகிறது. அங்கேயே ஒப்பந்தம் கூடிவிடுகிறது. பாண்டு தபாலில் வருவது அதற்குப் பிறகு. பாண்டு வருவதற்குள் பாலிசிதாரர் இறந்துபோனாலும் கிளெய்ம் உண்டு என்பதை நம் முகவர்கள் அறிவார்கள்.

இந்தச் சான்றின் ஒவ்வொரு சொல்லுக்கும் எவ்வளவு எடை என்பதற்குப் பழைய வழக்கொன்று உண்டு. 1583 ஜூன் 18 அன்று லண்டனில் வில்லியம் கிப்பன்ஸ் என்பவரின் உயிருக்குப் பன்னிரண்டு மாதக் காப்பு எழுதப்பட்டது. ஆயுள் காப்பீட்டில் நமக்குத் தெரிந்த மிகப் பழைய பத்திரங்களில் இது ஒன்று. அடுத்த ஆண்டு மே மாதம், கெடு முடியும் முன்பே அவர் இறந்தார். காப்பு எழுதியவர்கள் பணம் தர மறுத்தார்கள். "மாதம் என்றால் இருபத்தெட்டு நாள்; அப்படிப் பன்னிரண்டு மாதம் எப்போதோ முடிந்துவிட்டது" என்பது அவர்களுடைய வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பணம் கொடுக்க வைத்தது. ஆயுள் காப்பீட்டின் முதல் வரலாற்றுப் பக்கத்திலேயே ஒரு கிளெய்ம் தகராறு இருக்கிறது. வாக்கு எழுதுவது எளிது, காப்பாற்ற வைப்பதே பாடு என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

உயிருக்கு இரண்டு விலை

இந்திய மண்ணில் முதல் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் கல்கத்தாவில் 1818-ல் தொடங்கிய ஓரியண்டல். 1834-ல் அது நொடித்துப் போயிற்று. சென்னையில் 1829-ல் மெட்ராஸ் ஈக்விட்டபிள் வந்தது. இவையெல்லாம் வெள்ளைக்காரர்களுக்காக வெள்ளைக்காரர்கள் நடத்தியவை. இந்தியருக்குப் பாலிசி தருவதற்குத் தயங்கினார்கள்; தந்தாலும் கூடுதல் பிரீமியம் கேட்டார்கள். ஒரே வயது, ஒரே உடல்நலம் என்றாலும் தோலின் நிறம் பார்த்து உயிருக்கு விலை மாறியது. பம்பாயில் பிறந்த பாம்பே மியூச்சுவல் 1870-ல் இந்திய உயிர்களுக்கும் சாதாரணக் கட்டணமே போதும் என்று அறிவித்தது. 1884 பிப்ரவரி 1 அன்று தபால் துறை தன் ஊழியர்களுக்காக அஞ்சல் ஆயுள் காப்பீட்டைத் தொடங்கியது. பெண் உயிருக்குப் பாலிசி தர எந்த நிறுவனமும் முன்வராத 1894-ல் அந்தத் துறை தன் பெண் ஊழியர்களுக்கும் பாலிசி கொடுத்தது.

சென்னையின் பங்கு சுதேசி அலையில் வந்தது. 1906-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டுதான் தூத்துக்குடியில் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். அதே ஆண்டு சென்னையில் அர்பத்நாட் வங்கி திவாலாகிப் பல குடும்பங்களின் சேமிப்பை விழுங்கியது. அந்தக் காயத்திலிருந்து மறு ஆண்டு இந்தியன் வங்கி பிறந்தது. அந்தக் காலக்கட்டத்தில் சென்னையில் தோன்றிய காப்பீட்டு நிறுவனம்தான் யுனைடெட் இந்தியா. கல்கத்தாவில் நேஷனல், லாகூரில் கோ-ஆபரேட்டிவ் ஆகியவையும் அதே 1906-ல் எழுந்தன. 1907-ல் ஹிந்துஸ்தான் கோ-ஆபரேட்டிவ், ஜொராசாங்கோவில் தாகூர் குடும்ப இல்லத்தின் ஓர் அறையில் உருவாயிற்று. துணியைப்போல, கப்பலைப்போல, பாலிசியும் அன்று சுதேசிப் பொருளாகிவிட்டது.

சென்னைக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அது பலருக்குத் தெரியாது. 1874-ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துச் சட்டத்தில் ஆறாவது பிரிவு என்று ஒன்று. கணவன் தன் உயிரின் மீது மனைவி, மக்கள் நலனுக்கென்று எழுதி எடுக்கும் பாலிசி, அவர்களுக்கான அறக்கட்டளையாகவே கருதப்படும். கணவனுடைய கடன்காரர்கள் அதில் கை வைக்க முடியாது. இந்தப் பிரிவு இந்துக்களுக்குப் பொருந்துமா என்ற கேள்வி எழுந்தது. பொருந்தும் என்றது சென்னை உயர் நீதிமன்றம். பிறகு 1923-ல் சட்டத்தைத் திருத்தி எல்லோருக்கும் விரித்தபோது, மற்ற பகுதிகளுக்கு 1923 ஏப்ரல் 1 முதல் என்றும், சென்னைக்கு மட்டும் 1913 டிசம்பர் 31-க்குப் பின் எடுத்த பாலிசிகளுக்கே பொருந்தும் என்றும் எழுத வேண்டியதாயிற்று. கணவன் கடனில் முழுகினாலும் மனைவியின் பாலிசி முழுகாது என்ற நியாயம் சென்னையில் மட்டும் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் முந்திக்கொண்டது. கடை வைத்திருப்பவர்களுக்கும் தொழில் செய்பவர்களுக்கும் நம் முகவர்கள் இன்றும் சொல்லும் 'எம்.டபிள்யூ.பி. பாலிசி' இதுதான்.

சட்டம் வந்தது, நம்பிக்கை வரவில்லை

1912-ல் ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களுக்கென்று முதல் சட்டம். பிரீமிய அட்டவணைக்கு ஆக்சுவரி சான்று தர வேண்டும் என்று அது விதித்தது. 1938-ல் வந்த காப்பீட்டுச் சட்டம்தான் பெரியது. பாலிசியைப் பிறர் பெயருக்கு மாற்றித் தருவது 38-ஆம் பிரிவு, நாமினி நியமிப்பது 39-ஆம் பிரிவு. இவற்றைவிட முக்கியம் 45-ஆம் பிரிவு. பாலிசி கொடுத்து இரண்டாண்டு கழிந்த பின், புரபோசலில் ஏதோ ஒரு பதில் தவறு என்று மட்டும் காட்டி நிறுவனம் கை கழுவ முடியாது. முக்கியமான விஷயத்தைத் தெரிந்தே மோசடியாக மறைத்தார் என்று நிரூபித்தாக வேண்டும். 2015-ல் வந்த திருத்தம் கால அளவை மூன்றாண்டாக்கி, அதன் பிறகு எந்தக் காரணம் காட்டியும் பாலிசியைக் கேள்விக்குள்ளாக்க முடியாது என்று கதவையே சாத்திவிட்டது.

ஆனால் நிறுவனமே இல்லாமல் போய்விட்டால் சட்டப் பிரிவு எதற்கு உதவும்? தேசியமயத்துக்கு முந்தைய பத்தாண்டுகளில் 25 ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் மூடப்பட்டன. வேறு 25 நிறுவனங்கள் நிதியைச் சிதறடித்து, தங்கள் வணிகத்தைப் பாலிசிதாரர்களுக்கு நட்டம் வரும்படி பிறரிடம் ஒப்படைத்தன. பாலிசிதாரர்களின் பணத்தை எடுத்து முதலாளிகள் தங்கள் மற்றத் தொழில்களில் போட்டார்கள். 1955 டிசம்பரில் பெரோஸ் காந்தி மக்களவையில் எழுந்து, டால்மியா குழுமத்தின் பிடியிலிருந்த பாரத் இன்ஷூரன்ஸில் நடந்ததை ஆதாரங்களோடு அடுக்கினார். 1951-ல் தொடங்கிய அகில இந்தியக் காப்பீட்டு ஊழியர் சங்கமும் தேசியமயம் வேண்டும் என்று குரல் கொடுத்துவந்தது. ஊழியர்கள் சம்பள உயர்வோடு இதையும் கேட்டார்கள் என்பது நம் தொழிலின் மதிப்புக்குரிய பழைய கணக்கு.

ஒரு வானொலி அறிவிப்பு

1956 ஜனவரி 19 இரவு. நிதி அமைச்சர் சி.டி. தேஷ்முக் வானொலியில் பேசினார். ஆயுள் காப்பீட்டு வணிகத்தின் நிர்வாகத்தை அரசு மேற்கொள்ளும் அவசரச் சட்டம் பிறந்துவிட்டது என்பது செய்தி. முன்கூட்டித் தெரிந்தால் நிதி கைமாறிப் போய்விடும் என்பதால் இத்தனை ரகசியம். 154 இந்திய நிறுவனங்கள், 16 அயல்நாட்டு நிறுவனங்கள், 75 பிராவிடன்ட் சங்கங்கள் என மொத்தம் 245 அமைப்புகள் ஒரு குடையின் கீழ் வந்தன. நாடாளுமன்றம் அந்த ஜூனில் எல்.ஐ.சி. சட்டத்தை நிறைவேற்றியது. 1956 செப்டம்பர் 1 அன்று இந்திய ஆயுள் காப்பீட்டுக் கழகம் 5 கோடி ரூபாய் முதலீட்டில் உருவாயிற்று. 5 மண்டல அலுவலகங்கள், 33 கோட்ட அலுவலகங்கள், 212 கிளைகள். மண்டலங்களில் ஒன்று சென்னை.

245 அமைப்புகள் எழுதிய பாலிசிகளும் கழகத்தின் கைக்கு வந்தன. யாரோ ஒரு கம்பெனி எழுதிக் கொடுத்த வாக்கை இனிக் கழகம் நிறைவேற்ற வேண்டும். எல்.ஐ.சி. சட்டத்தின் 37-ஆம் பிரிவுதான் இந்த வரலாற்றின் நடுத்தூண். கழகத்தின் பாலிசிகளில் உறுதியளித்த தொகைக்கும், அறிவித்த போனஸுக்கும் மத்திய அரசு பொறுப்பேற்கிறது. மிகுதியில் குறைந்தது 95 சதவீதம் பாலிசிதாரருக்கே என்றும் சட்டம் எழுதியது. அரசுக்கு அன்று 5 சதவீதம். கவுண்டரில் நிற்கும் அம்மாவின் கையிலிருக்கும் காகிதத்துக்குப் பின்னால் ஓர் அரசு நிற்கிறது. 1583-ன் லண்டன் வணிகர்களிடமும், 1834-ல் நொடித்த ஓரியண்டலிடமும் இல்லாதது அதுதான்.

மவுண்ட் ரோட்டில் ஓர் உயரம்

சென்னை மண்டலம் என்றதும் கட்டடத்தைச் சொல்லாமல் போக முடியுமா? மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டடத்தை எல்.ஐ.சி. தொடங்கவில்லை. தொடங்கியது யுனைடெட் இந்தியா. அதன் தலைவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார், 1937-ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியவரும் அவரே. லண்டனைச் சேர்ந்த பிரௌன், மௌலின் என்ற கட்டடக் கலைஞர்கள் வரைந்து கொடுத்தார்கள். வேலை நடந்துகொண்டிருந்த 1954 மார்ச்சில், சிங்கப்பூரில் நேர்ந்த விமான விபத்தில் செட்டியார் காலமானார். இரண்டாண்டில் தேசியமயம் வந்தது. பாதியில் நின்ற பொறுப்பை ஏற்று முடித்தவர் சென்னையின் கட்டடக் கலைஞர் எல்.எம். சித்தாலே. 1959 ஆகஸ்டில் மொரார்ஜி தேசாய் திறந்துவைத்தார். 177 அடி உயரம். அடுக்குமாடி என்றால் என்னவென்று தமிழ்நாடு கற்றுக்கொண்டது அங்கேதான். சென்னைக்கு வந்த கிராமத்தார் பீச்சையும், 'செத்த காலேஜ்' என்று அவர்கள் சொன்ன மியூசியத்தையும் பார்த்தபின் அண்ணாந்து பார்த்தது இதைத்தான். சினிமாவில் கதாநாயகன் பட்டணம் வந்துவிட்டான் என்று காட்ட இந்த ஒரு காட்சி போதுமாயிருந்தது. 1975 ஜூலையில் தீ விபத்தையும் கட்டடம் தாங்கி நின்றது.

கழகத்தின் பெயரையே பாலிசிக்குப் பெயராக மக்கள் சொல்லும் பழக்கத்துக்கு இந்த உயரமும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும். கண்ணால் பார்த்த ஒன்றின் பேரில் வாக்கு வாங்கியிருக்கிறோம் என்ற தெம்பு.

பிறந்ததும் வந்த சோதனை

கழகம் பிறந்த மறு ஆண்டே கெட்ட பெயர் தேடிவந்தது. 1957-ல் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனங்களில் கழகம் 1 கோடியே 24 லட்சம் ரூபாய்க்கு மேல் பங்கு வாங்கியது. முதலீட்டுக் குழுவைக் கலந்துகொள்ளாமலே வாங்கினார்கள். கேள்வி எழுப்பியவர் மறுபடியும் பெரோஸ் காந்தி. நீதிபதி எம்.சி. சாக்ளா பம்பாயில் மக்கள் முன்னிலையில் விசாரித்தார். கூட்டத்துக்கு உள்ளே இடம் போதாமல் வெளியே ஒலிபெருக்கி கட்டினார்கள். 1958 பிப்ரவரியில் நிதி அமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

விழா மலரில் இதை ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். பாலிசிதாரரின் பணத்தைத் தொட்டதற்காக ஒரு நிதி அமைச்சரே பதவி இழந்த நாடு இது. 1955-ல் தனி முதலாளியைக் கேட்ட அதே கேள்வியை 1957-ல் அரசுக் கழகத்தையும் கேட்டார்கள். கேட்டதனால் கழகம் உறுதிப்பட்டது. கேள்வி கேட்கப்பட்ட நிறுவனத்தின் பாலிசிக்குத்தான் மதிப்பு.

வணிகம் ஒரேயடியாகப் பொங்கிவிடவில்லை. 1957-ல் சுமார் 200 கோடி ரூபாய்க்குப் புது வணிகம். 1,000 கோடியைத் தாண்டியது 1969-70-ல்தான். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகள் முகவர்கள் சைக்கிளில் ஊர் ஊராகப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து பேசிய ஆண்டுகள். "சாவைப் பத்தி வெள்ளிக்கிழமை வாசல்ல வந்து பேசுறானே" என்ற ஏச்சையும் வாங்கிக்கொண்டு, மகளின் கல்யாணம், மகனின் படிப்பு என்று பேச்சைத் திருப்பிய ஆண்டுகள்.

பத்திரத்தைப் பிரித்தால்

இப்போது அந்த அம்மாவின் பாண்டைப் பிரித்துப் பார்ப்போம். முகவுரையில் யாருக்கும் யாருக்கும் ஒப்பந்தம் என்பதும், புரபோசலும் அதில் தந்த உறுதிமொழியுமே இதற்கு அடிப்படை என்பதும் இருக்கும். அதையடுத்து எந்த நிகழ்ச்சி நடந்தால் யாருக்கு எவ்வளவு தருவோம் என்ற வாக்கு. பிறகு அட்டவணை: பாலிசி எண், தொடங்கிய தேதி, உறுதித் தொகை, பிரீமியம், கட்ட வேண்டிய தேதி, கடைசிப் பிரீமியம், முதிர்வுத் தேதி, நாமினியின் பெயர், திட்ட எண். முகவர்கள் திட்டத்தைப் பெயரால் சொல்வதில்லை. பழைய எண்டோமெண்டுக்கு 'டேபிள் 14' என்பார்கள். இருபது ஆண்டுக்கு எடுத்தால் 'பதினாலு இருபது'. கையெழுத்தும் முத்திரைத் தீர்வையும் அட்டவணைக்குக் கீழே. பின்பக்கம் நிபந்தனைகள், சிறு எழுத்தில். அந்தச் சிறு எழுத்தைப் படிக்காமல் நேராகப் பீரோவில் வைப்பதுதான் நம் ஊர் வழக்கம்.

படித்தால் தெரியவரும் சில செய்திகள் உண்டு. கெடுத் தேதி தாண்டினாலும், ஆண்டு, அரையாண்டு, காலாண்டுத் தவணைக்கு முப்பது நாளும் மாதத் தவணைக்குப் பதினைந்து நாளும் சலுகைக் காலம் உண்டு. அதற்குள் உயிர் போனாலும் காப்பு உண்டு. அதையும் தாண்டினால் பாலிசி 'லாப்ஸ்'. லாப்ஸ் ஆனதும் எல்லாம் போயிற்று என்று நினைத்துப் பாண்டைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. அது தவறு. குறிப்பிட்ட ஆண்டுகள் கட்டியிருந்தால் பாலிசி 'பெய்டு அப்' ஆகிக் குறைந்த தொகைக்கு உயிரோடு இருக்கும். நிலுவையைக் கட்டி 'ரிவைவல்' செய்யலாம். பாண்டை அடகு வைத்துக் கழகத்திலேயே கடன் வாங்கலாம். விதைநெல் வாங்கவும், பள்ளிக் கட்டணம் கட்டவும் பாலிசி மேல் லோன் போட்ட குடும்பங்களை எண்ண முடியாது. 'சரண்டர்' என்பது எல்லா வழியும் அடைத்தபின் தட்ட வேண்டிய கதவு.

பத்திரத்தில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட சொல் 'நாமினி'. நாமினி என்றால் பணத்துக்குச் சொந்தக்காரர் என்றே பலரும் நினைத்தார்கள். 1984-ல் சர்பதி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது: நாமினி பணத்தை வாங்கிக்கொள்ள உரியவர், வாரிசுச் சட்டப்படி யாருக்குச் சேர வேண்டுமோ அவர்களுக்கு அதைச் சேர்ப்பது அவர் கடமை. 2015-ன் திருத்தம் இதைக் குடும்பத்துக்கு ஏற்றபடி மாற்றியது. பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோரை நாமினியாகப் போட்டிருந்தால் பணம் அவர்களுக்கே உரியது. மணமாகாத காலத்தில் அண்ணனை நாமினியாகப் போட்டுவிட்டு, மணமான பின் மாற்றாமலே விட்டவர்கள் ஏராளம். பின்னால் அண்ணனும் தம்பி மனைவியும் ஒரே கவுண்டரில் எதிரெதிரே நிற்க நேர்வது அதனால்தான்.

பேச்சில் பாலிசி

ஆயுளுக்குத்தான் நம் மக்கள் பாலிசி என்கிறார்கள் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? "எல்.ஐ.சி.ல பாலிசி போட்டிருக்கேன்" என்பார்கள். பணம் போடுகிறோம், விதை போடுகிறோம், சீட்டுப் போடுகிறோம். அந்தப் 'போடு'தான் இதிலும். பைக்குக்கு வந்தால் சொல் மாறிவிடும். ட்ராஃபிக் போலீஸ் கேட்பது "இன்ஷூரன்ஸ் இருக்கா?" என்றுதான். கையில் இருப்பது பாலிசியே ஆனாலும் அதற்குப் பெயர் இன்ஷூரன்ஸ். ஆஸ்பத்திரி என்றால் 'மெடிக்ளெய்ம்'. அது 1980-களில் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் கொண்டுவந்த ஒரு திட்டத்தின் பெயர். இன்று எந்த நிறுவனத்தின் மருத்துவப் பாலிசிக்கும் அதுவே பெயர்.

உயிர் அல்லாத மற்றக் காப்பீடு 1973 ஜனவரி 1 முதல் தேசியமாயிற்று. நூற்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் நான்காகத் திரண்டன. அவற்றில் ஒன்று சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா. 1906-ல் சென்னையில் பிறந்த பெயர் இப்படி இன்னொரு வழியில் வாழ்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012-ல் தொடங்கியபோது அரசு அதை அந்த நிறுவனம் வழியாகவே நடத்தியது. அத்திட்டத்தில் குடும்பத்துக்குத் தனித்தனிப் பாலிசி கிடையாது. அரசும் நிறுவனமும் செய்துகொண்ட ஒப்பந்தமே பாலிசி. குடும்பத்தின் கையில் இருப்பது 'காப்பீட்டு அட்டை'. பாண்டு இல்லாத பாலிசியைத் தமிழ்நாட்டு மக்கள் அட்டை என்று பெயரிட்டு எளிதாக ஏற்றுக்கொண்டார்கள்.

காகிதம் மறையும் காலம்

தனியாரை அனுமதிக்கச் சொன்ன மல்ஹோத்ரா குழுவின் பரிந்துரை, 1999-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையச் சட்டம், 2000 முதல் தனியார் வருகை: இவை எல்லோருக்கும் தெரிந்தவை. 44 ஆண்டுகள் தனியாக நின்ற கழகத்துக்குப் போட்டி வந்தது. போட்டியால் சேவை வேகம் கூடியது என்பதை ஒப்புக்கொள்வதில் குறைவில்லை. 2022 மே மாதம் கழகத்தின் 3.5 சதவீதப் பங்குகளை அரசு மக்களுக்கு விற்றது. பங்கு விலை 949 ரூபாய். பாலிசிதாரருக்கு 60 ரூபாய் தள்ளுபடி. பாண்டு மட்டும் வைத்திருந்த பலர் அன்று முதல்முறையாகப் பங்கும் கேட்டு எழுதிப் போட்டார்கள். இரண்டும் ஒன்றல்ல. பங்கின் விலை தினம் ஏறி இறங்கும். பாண்டில் எழுதிய உறுதித் தொகை எழுதியபடியே நிற்கும். 37-ஆம் பிரிவும் நிற்கிறது.

2024 ஏப்ரல் முதல் பாலிசியை மின்வடிவில் தர வேண்டும் என்பது ஆணையத்தின் விதி. இனி வருகிறவர்களுக்குப் பீரோவும் மஞ்சள் பையும் தேவைப்படாமல் போகலாம். பாலிசியைப் படித்துப் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் முப்பது நாளுக்குள் திருப்பித் தரும் உரிமையும் உண்டு. நிறுவனத்தோடு தகராறு என்றால் சென்னையிலேயே காப்பீட்டு ஆம்புட்ஸ்மன் அலுவலகம் இருக்கிறது. வக்கீல் வேண்டாம், கட்டணம் வேண்டாம்.

காகிதம் மறைவதில் ஒரே ஒரு கவலை. காகிதமாக இருந்தபோது, இறந்தவரின் பெட்டியைத் திறந்தவர்கள் பாண்டைக் கண்டெடுத்தார்கள். மின்னஞ்சலுக்குள் இருக்கும் பாலிசியை யார் கண்டெடுப்பார்கள்? இருக்கிறது என்றே தெரியாத வாக்கை யார் வந்து கேட்பார்கள்?

ஆகவே மலரை வாசிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். முகவர்களே, இந்த வாரம் புதிய கேஸ் பிடிக்கப் போகும் வீடுகளோடு, பழைய பாலிசிதாரர் பத்துப் பேர் வீட்டுக்கும் போங்கள். நாமினி பெயர் சரியா, அவர் உயிரோடு இருக்கிறாரா, முகவரியும் வங்கிக் கணக்கும் பதிவாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். பாலிசிதாரர்களே, இன்று இரவு சாப்பாட்டுக்குப் பின் பாண்டை எடுத்து விரித்து, வீட்டில் உள்ளவர்களை அருகே உட்காரவைத்து, பாலிசி எண் எது, எந்தக் கிளை, எங்கே வைத்திருக்கிறோம் என்று சொல்லிவிடுங்கள். மின்வடிவில் இருந்தால் எண்ணை ஒரு நோட்டில் எழுதி எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். வாக்குக் கொடுத்தவர்கள் காத்திருக்கிறோம். கேட்க வருகிறவர்களுக்கு வழி தெரிந்திருக்க வேண்டும்.